இரண்டு சொட்டுக்கு நடுவில்

— கண்ணை மூடாதீங்கக்கா. இன்னும் விடவே இல்ல.

— நான் எங்க மூடுறேன், அதுவா மூடிக்குது. நாலு மாசமா விடுற. இன்னும் அந்தப் போத்தல் வாயைப் பார்த்தாலே பயப்படுது.

— போத்தலைப் பார்க்காதீங்க. மேல ஃபேனைப் பாருங்க. கீழ் இமையை இழுக்கிறேன். ஆங், அப்படியே. விட்டாச்சு. இப்ப மூடிக்கிட்டு மூக்கோரத்துல விரலை வச்சு அமுக்குங்க. ஒரு நிமிஷம்.

— தெரியும்லா. எண்ணு நீ.

— எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.

— இது வெள்ளை மருந்தா, தண்ணி மருந்தா?

— வெள்ளை. குலுக்கிட்டுத்தான் விட்டேன். தண்ணி மருந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு.

— இந்த அஞ்சு நிமிஷம் இருக்கே, சிவநேசன் தம்பி, கேட்டுக்க, இவ்ளோ நீளமா நான் எதையும் பார்த்ததில்ல. பாயான் லெப்பாஸ் சிப்பு ஃபேக்டரியில இருபத்தெட்டு வருஷம் மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட்டு. அதுகூட இப்படி இழுக்கல.

— ஒடனே ரெண்டாவதை விட்டா முதல் மருந்தைக் கழுவிக்கிட்டுப் போயிடும். அதுக்குத்தான்.

— நீ டாக்டருக்கே பாடம் எடுப்ப. எண்ணி முடிச்சாச்சா?

— ஆச்சு. விரலை எடுங்க. கண்ணை மூடியே வச்சிருங்க. ரொட்டி சானாய் வாங்கிட்டு வந்தேன், மேசையில இருக்கு. லிஃப்ட்டு இன்னைக்கும் ஓடல.

— ஏழு மாடி ஏறியா வந்த? நைட் ஷிஃப்ட்டு முடிச்சிட்டு?

— பழகிடுச்சுக்கா.

— பழகும்லா. கையில பை ஒண்ணும் இல்லாம ஏறுனா ஏழு மாடி என்னா, பதினேழு மாடிகூடப் பழகும்.

— பையா? எதுக்குப் பை?

— ரெண்டு மணிக்கு சுங்கை நிபோங் பஸ் ஸ்டேஷன்ல ஜொகூர் பஸ்ஸு. நீ துணிப்பையோட வருவேன்னு நினைச்சேன். ரொட்டிப்பையோட வந்திருக்க.

— பஸ்ஸைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா?

— உன் பொண்டாட்டி. நேத்து ஃபோன் பண்ணா.

— ஷர்மினியா? உங்களுக்கா?

— எனக்குத்தான். ஒரு வருஷத்துல முதல் தடவை. நான் பயந்தே போயிட்டேன், திட்டப் போறான்னு. திட்டல. அழுவவும் இல்ல. நல்ல மரியாதையாப் பேசுனா. அது திட்டுனதைவிட மோசமா இருந்துச்சு.

— என்னா சொன்னா?

— "அக்கா, உங்க கண்ணுக்காக நானும் தினம் விளக்கேத்துறேன். ஆனா எனக்கு வேலை மாத்தி ஜொகூர் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. அவருக்கும் இங்க வேலை கிடைச்சு லெட்டர் வந்து ஒரு மாசம் ஆச்சு. திங்கட்கிழமை பாப்பாவுக்கு ஒண்ணாங்கிளாஸ். எல்லாப் பிள்ளைக்கும் அப்பா வருவாங்க. டிக்கெட் நானே எடுத்து அனுப்பிட்டேன். இந்தத் தடவையும் உங்க கண்ணைச் சாக்கா சொன்னா, இனிமே அவரு வரவே வேணாம்னு சொல்லிடுங்க." இதுதான் சொன்னா. நான் ஒரு வார்த்தையும் கூட்டல.

— கோவத்துல சொல்லியிருப்பா.

— கோவத்துல சொல்றவளை எனக்குத் தெரியும். நானே அந்த ஜாதி. இது கோவம் இல்ல, தம்பி. யோசிச்சுச் சொல்றா.

— அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்க்கா. வெளிச்சம் கூசுதா? திரையை இழுக்கவா?

— அப்புறம். உனக்கு எதுக்கெடுத்தாலும் அப்புறம். பல்லுவலியா, அப்புறம். மோட்டர்சைக்கிள்ல பிரேக் சரியில்லையா, அப்புறம். இந்தக் கண்ணு மருந்து ஒண்ணுதான் உனக்குக் கரெக்ட்டு நேரத்துக்கு நடக்குது.

— மருந்து நேரத்துக்கு விடணும்லக்கா.

— ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?

— கண்ணை மூடிக்கிட்டு இருக்கீங்க. என் மூஞ்சி எப்படித் தெரியும்?

— குரலு தெரியும்லா. வலது கண்ணு போன ஏழு மாசம் அந்தப் பக்கத்தைக் காதை வச்சுத்தான் பார்த்தேன். சரி, கேக்கணும்னே இருந்தேன். தீபாவளிக்கு முன்னாடி உன் ஃபோன்ல உங்கம்மா படம் காட்டுனியே. வீட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு ஏன் கறுப்புக் கண்ணாடி?

— அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுக்கா.

— பொறந்ததுலருந்தா?

— இல்ல. கண்ணுக்குள்ள பிரஷரு. வலி இருக்காது, ஒண்ணும் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துலருந்து தின்னுக்கிட்டே வரும். தெரியறப்ப பாதி போயிருக்கும். போனது வராது.

— மருந்து இல்லையா அதுக்கு?

— இருந்துச்சு.

— அப்புறம்?

— அஞ்சு நிமிஷம் ஆகப் போவுது. நோட்டை எங்க வச்சீங்க? வெள்ளை மருந்துக்குக் கோடு போடணும்.

— டிவி மேல. சரி, சொல்ல இஷ்டம் இல்லன்னா விடு. முதல்ல பரிச்சை வைக்கலாம், மருந்து அப்புறம். பார்த்தியா, எனக்கும் ஒட்டிக்கிச்சு உன் அப்புறம்.

— சரி. நல்ல கண்ணைக் கையால மூடிக்குங்க. அமுக்காதீங்க. நாள்காட்டியைப் பாருங்க. தேதி?

— பத்து. அதை குருடிகூடப் படிப்பா, அவ்ளோ பெருசு. சனிக்கிழமை. அதுக்குக் கீழ... ராகு காலம். ஒன்பதுலருந்து பத்தரை.

— படிச்சீங்களா, இல்ல மனப்பாடமா? சனிக்கிழமை ராகு காலம் எல்லாருக்கும் தெரியும்.

— இவன் ஒருத்தன். சரி, ராகு காலத்தை விடு. உன் சட்டைப் பையில நீலப் பேனா. மூடி இல்ல. மை கசிஞ்சு துணியில ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு ஊறியிருக்கு. போதுமா?

— அட. ஆமா. எப்ப கசிஞ்சதோ.

— அது மட்டுமா. அந்த சுவத்துல பல்லி. வாலு இல்லாத பல்லி. எழுது நோட்டுல. ஜெகதீஸ்வரி, வலது கண்ணு, பாஸ்.

— போன வாரம் பெரிய எழுத்துதான் தெரிஞ்சுச்சு உங்களுக்கு.

— போன வாரமும் சின்ன எழுத்து தெரிஞ்சுச்சு. நான் சொல்லல.

— ஏன்?

— சொல்றேன். இன்னைக்கு நிறைய சொல்லப் போறேன், ஒண்ணொண்ணா வா. சில நேரம் யோசிக்கிறேன், தம்பி. இது யாரு கண்ணோ. ஃப்ளைட்டுல ஐஸ்பெட்டிக்குள்ள வந்துச்சாம். எந்த ஊரு ஆளு, ஆம்பளையா பொம்பளையா, என்னா சாப்பிட்டுச்சு, யாரைப் பார்த்து சிரிச்சுச்சு, ஒண்ணும் தெரியாது. டாக்டர் சொன்னாரு, "அம்மா, இது கண்ணு இல்ல, கண்ணுக்கு மேல இருக்கிற கண்ணாடி, கைக்கடிகாரத்துக்கு இருக்குமே, அந்த மாதிரி. பார்க்கிறது நீங்கதான்"னாரு. எனக்குப் புரிஞ்சுச்சு. மைக்ராஸ்கோப்புல லென்ஸ் கீறல் விழுந்தா மாத்துவோம். லென்ஸ் மாத்துனா சிப்பு மாறாது. இருந்தாலும் ஒருத்தர் சாகப் போறப்ப கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது இது. அதை வச்சுக்கிட்டு நான் என்னாத்தைப் பார்க்கிறேன்னு ஒரு கேள்வி இருக்குல்ல?

— நல்லதைத்தான் பார்க்கிறீங்க.

— பல்லியைப் பார்க்கிறேன். உன் மைக்கறையைப் பார்க்கிறேன். சரி, அஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்தத் தண்ணி மருந்தைக் குடு.

— நான் விடுறேன்.

— குடுன்னு சொன்னேன்.

— போத்தல் முனை கண்ணுல பட்டுச்சுன்னா தையல்—

— பதினாறு தையல். எனக்குத் தெரியாதா. எட்டி நில்லு, வெளிச்சத்தை மறைக்காத. இப்படி இமையை இழுத்து ஒரு பை மாதிரி பண்ணிக்கணும். போத்தலை நெத்தியில கை ஊனிப் பிடிக்கணும். மேல பார்க்கணும். ஒண்ணு. மூடிக்கணும். மூக்கோரத்துல விரலு. பார்த்தியா?

— ஒரு சொட்டுகூட வெளிய போகல.

— இருபத்தெட்டு வருஷம் தலைமுடியைவிட மெல்லிசான கம்பியை இடுக்கியால தூக்குன கை. ஒரு சொட்டு மருந்தா விடத் தெரியாது?

— நடுங்குதுன்னு சொன்னீங்களே.

— முதல் ஒரு மாசம் நெஜமாவே நடுங்குச்சு. அப்புறம் நான் நடுங்க வச்சேன்.

— எத்தனை நாளா நீங்களே விட்டுக்கிறீங்க?

— யோசிச்சுப் பாரு. காலையிலயும் சாயந்தரமும் நீ. நடுவுல ரெண்டு வேளை பக்கத்து வீட்டு லைலா. லைலா மக வீட்டுக்கு கிள்ளான் போயி ரெண்டு மாசம் ஆச்சு. அந்த ரெண்டு வேளை யாரு விட்டா? நோட்டுல கோடு மட்டும் விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஃபேக்டரியில இருக்கிறவன், இதுகூட கண்டுபிடிக்க மாட்டியா நீ?

— மாடிக்காரங்க யாராவது வந்து விடுறாங்கன்னு நினைச்சேன்.

— நல்லா நினைச்ச. ஆக, முதல் விஷயம் முடிஞ்சுச்சு. எனக்கு மருந்து விட ஆள் வேணாம். பஸ்ஸு ரெண்டு மணிக்கு.

— மருந்து மட்டுமா, செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். வர்ற மாசம் தைப்பூசம் முடிஞ்ச கையோட அப்பாய்ண்ட்மெண்ட். தையல் பிரிக்க இன்னும் எட்டு மாசம் ஆகும். ஒரு வேலையை எடுத்தா முடிக்கணும்க்கா. பாதியில விட்டுட்டுப் போறவன் நான் இல்ல. இனிமே இல்ல.

— தைப்பூசம்னதும்தான் ஞாபகம் வருது. உங்க ஆளுங்க இந்த வருஷமும் கிராமாட் ரோட்டுல தேங்காய் லோரி நிறுத்துறாங்களா?

— நிறுத்துவாங்க. மூவாயிரம் தேங்காய் சொல்லியிருக்காங்களாம். நான் போகல.

— மூவாயிரம். யாரு உட்கார்ந்து அவ்ளோவுக்கும் மஞ்சள் பூசுவா?

— லோரித் தேங்காய்க்கு யாருக்கா மஞ்சள் பூசுறது. மூட்டையை அவுத்து ரோட்டுல கொட்டுவோம். ரதம் வரும்போது ஆளாளுக்கு எடுத்து அடிப்போம். உடைஞ்சதை பின்னாலேயே பசங்க மண்வாரியில வாரிக்கிட்டே வருவாங்க.

— எங்கம்மா பார்த்திருந்தா உங்க எல்லாரையும் பெருக்குமாத்தால அடிச்சிருக்கும். எங்க வீட்டுல ஒரு தேங்காய் மஞ்சள் பூசாம வாசல் தாண்டுனதில்ல. கழுவி, துடைச்சு, மஞ்சளைக் குழைச்சு, முழுசா பூசி, மூணு பொட்டு குங்குமம். வருஷா வருஷம் இருபத்தொண்ணு. அம்மா போன பிறகு நான் எடுத்துக்கிட்டேன். போன வருஷம்தான் முதல் தடவை. தம்பிங்க ரெண்டு பேரும், "அதெல்லாம் ஆம்பளைங்க வேலை, பொம்பள நீ எதுக்கு ரோட்டுல நிக்கிற"ன்னாங்க. போங்கடான்னு போயி நின்னேன்.

— தெரியும்க்கா. நான் பக்கத்துலதானே நின்னேன். ஹெல்மெட் போட்டுக்குங்கன்னு சொன்னேன்.

— சொன்ன. பூ வச்ச தலையில ஹெல்மெட்டான்னு கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அன்னைக்கு எனக்கு ராணி மாதிரி இருந்துச்சு. அதை விடு. ரெண்டாவது விஷயம் சொல்லணும். இதுக்கு நீ கோவப்படுவ.

— உங்க மேல எனக்கு என்னா கோவம்.

— தீபாவளிக்கு நீ மூணு நாள் லீவு போட்டு ஜொகூர் போன. ஷர்மினி வீடு பார்க்கணும்னு சொன்னா. மூணாவது நாளு என் கண்ணு ரத்தமாச் சிவந்துச்சு. வலி. வெளிச்சம் பட்டா ஊசி குத்துற மாதிரி. உனக்கு ஃபோன் பண்ணேன்.

— பஸ்ஸு கிடைக்காம பட்டர்வொர்த் வரைக்கும் ரயில்ல நின்னுக்கிட்டே வந்தேன்.

— வந்த. பாப்பா பட்டாசைக் கையில வச்சுக்கிட்டு அழுதுச்சாம், அப்பா பத்தவைக்கலன்னு. ஆஸ்பத்திரியில டாக்டர் என்னா சொன்னாரு?

— புதுக் கண்ணை உடம்பு ஒதுக்கப் பார்க்குதுன்னாரு. ரிஜெக்ஷன். மணிக்கு ஒரு தடவை மருந்து விடச் சொன்னாரு. ஒரு வாரம் விட்டோம். அடங்கிடுச்சு.

— ரிஜெக்ட்டு. இருபத்தெட்டு வருஷம் நான் அடுத்தவன் வேலையில குத்துன முத்திரை. என் கண்ணுல ஒருத்தரு குத்துனப்பதான் தெரிஞ்சுச்சு. அந்த மூணு நாளு மருந்து மறந்துட்டேன்னு சொன்னேன்ல?

— ஆமா. திருநாள் சந்தடியில மறந்துட்டேன்னு.

— என்னா சந்தடி. தனிக்கட்டை வீட்டுல ஒரு முறுக்கு சுட்டா சந்தடியா? மறக்கல, தம்பி. விடல.

— என்னாது?

— லைலா வந்து கதவைத் தட்டி, "விடவா"ன்னு கேட்டா. விட்டுக்கிட்டேன், போன்னு அனுப்பிட்டேன். போத்தல் அங்க மேசையில இருக்கு, நான் இங்க உட்கார்ந்து அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். மூணு நாளு.

— ஏன்?

— ஏன்னா...

— ஏன்க்கா? யாரோ செத்துக் கொடுத்த கண்ணு. ஏழு மாசம் காத்துக்கிட்டு இருந்து வந்த கண்ணு. போத்தலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு விடாம இருந்தீங்களா? அதுல என்னா வெளையாட்டு உங்களுக்கு? மருந்து இருந்தும் போன கண்ணு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? சாப்பாட்டுத் தட்டைத் தடவித் தடவி, "மீன் எந்தப் பக்கம்பா"ன்னு கேக்கிறதைப் பார்த்திருக்கீங்களா?

— கத்து. இந்த ஒரு வருஷத்துல நீ என்கிட்ட சத்தம் போட்டதே இல்ல. போடு.

— கத்தல. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.

— குடி. எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா.

— இந்தாங்க.

— உட்காரு. ஏன்னு கேட்ட. ஜொகூர் போனா நீ வர மாட்டன்னு நினைச்சேன். கண்ணு சிவந்தா வருவன்னு தெரியும். வந்த. மணிக்கு ஒரு சொட்டு, அந்த ஒரு வாரமும் காலையில வந்து விளக்கு வைக்கிற வரைக்கும் இங்கயே இருந்த. டிவி பார்த்தோம். ஆஸ்பத்திரிக் கதை பேசுனோம். நான் மீன்கறி வச்சேன். இந்த வீட்டுல ரெண்டு தட்டு கழுவி எத்தனை வருஷம் ஆச்சுன்னு உனக்குத் தெரியாது. சந்தோஷமா இருந்தேன். வெக்கமா இருக்கு சொல்றதுக்கு. கண்ணைப் பணயம் வச்சுச் சந்தோஷமா இருந்தேன்.

— கூப்பிட்டிருந்தா சும்மாவே வந்திருப்பேனேக்கா.

— எந்த உறவுல கூப்பிடுறது? நீ யாரு எனக்கு? தேங்காய்ச் சில்லால கண்ணுல அடிச்சவன், அதனால வர்றவன். கண்ணு நல்லாயிட்டா அந்த உறவும் போச்சு. அதனாலதான் சின்ன எழுத்து தெரிஞ்சும் சொல்லல. நேத்து ஷர்மினி பேசி வச்ச பிறகு ஒண்ணு தோணுச்சு. இவனைப் பிடிச்சு வைக்க அடுத்தது நான் என்னா செய்வேன்? இன்னொரு தடவை மருந்தை நிறுத்துவேனா? அப்படி நினைச்சதும் எனக்கு என்னையே பார்க்கப் பயமா இருந்துச்சு. அதான் முடிவு பண்ணிட்டேன். மூணாவது விஷயத்தையும் சொல்லி அனுப்பிடணும்னு.

— இன்னும் இருக்கா?

— அதுதான் பெருசு. சாமி மேடையில வேல் படத்துக்குப் பின்னால ஒரு குட்டிப் போத்தல் இருக்கும். எடுத்துட்டு வா.

— எதுக்குக்கா இப்ப அது?

— எடு, தம்பி.

— இந்தாங்க.

— உள்ள என்னா?

— தேங்காய் ஓட்டுத் துண்டு. அன்னைக்கு டாக்டர் கண்ணுலருந்து எடுத்தது.

— ஜன்னல் பக்கம் பிடி. நான் நல்ல கண்ணை மூடிக்கிறேன். புதுக் கண்ணாலேயே பார்த்துச் சொல்றேன், சரியான்னு நீ சொல்லு. அரிசியைவிடக் கொஞ்சம் பெருசு. ஒரு பக்கம் பழுப்பு. இன்னொரு பக்கம், ஓரமா, மஞ்சள். காஞ்சுபோன மஞ்சள். சரியா?

— அக்கா, இது வேணாம்.

— உங்க லோரித் தேங்காய் மூட்டையிலருந்து நேரா ரோட்டுக்குப் போறதுன்னு இப்பத்தான் சொன்ன. மஞ்சள் ஏது அதுல? அந்த ரோட்டு முனையில மஞ்சள் பூசுன தேங்காய் இருபத்தொண்ணுதான். என்னுது. எல்லாரும் நிமிந்து நின்னு தூர எறிஞ்சீங்க. எனக்குத் தெரியல. வீட்டுல அம்மிக்கல்லுல உடைக்கிற மாதிரி, குனிஞ்சு கையில பிடிச்சே ரோட்டுல ஓங்கி அடிச்சேன். மூஞ்சிக்கு நேரா. என் விரலே என் கண்ணைக் குத்துச்சு, தம்பி. நீ ஓடி வந்து, "அக்கா, நான்தான் அக்கா, நான் அடிச்சதுதான்"னு அழுத. நான் வலியில இருந்தேன், பேசல. மறுநாள் பையில இந்தப் போத்தலைப் பார்த்தேன். மஞ்சளைப் பார்த்தேன். அப்ப பேசியிருக்கலாம். தம்பிங்க ரெண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, "எந்த மடையன் அடிச்சான்"னு கேட்டானுங்க. நானேதான்னு எப்படிச் சொல்றது? சொன்னா வருஷா வருஷம் சொல்லிச் சிரிப்பானுங்க. உன்னைக் கை காட்டுனேன். அவனுங்க ரெண்டு நாளுல கோலாலம்பூர் போயிட்டானுங்க. நீ மட்டும் வந்துக்கிட்டே இருந்த. மன்னிப்புக் கேக்கல நான். கேக்க யோக்கியதை இல்ல. உன் தலையில ஒரு பாரமும் இல்ல, போயி உன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேருன்னு சொல்றேன். அவ்ளோதான். புரிஞ்சுதா, தம்பி?

— தெரியும்க்கா.

— என்னா தெரியும்?

— மஞ்சளு. நர்ஸு இந்தப் போத்தலை முதல்ல எங்கிட்டதான் கொடுத்தாங்க. வராந்தா விளக்குல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். உங்க பைக்குள்ள வச்சதே நான்தான்.

— அன்னைக்கேவா?

— அன்னைக்கே. அதுக்கப்புறம் என் தேங்காய்னு நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. யோசிச்சுப் பாருங்க. நீங்க சொல்றப்ப இல்லன்னு சொல்லல.

— ஷர்மினிக்குத் தெரியுமா?

— அவளுக்கும் சொல்லல. சொன்னா வர விட்டிருக்க மாட்டா.

— ஒரு வருஷமா உன்னை ஏமாத்துறேன்னு நான் சாமி படத்தை நிமிந்து பார்க்காம இருந்திருக்கேன், தெரியுமா? நீ என்னான்னா தெரிஞ்சுக்கிட்டே என் இமையை இழுத்து எண்ணிக்கிட்டு இருந்திருக்க. எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

— அழாதீங்க. தையலுக்கு ஆகாது.

— போடா. பஸ்ஸு ஏறுறியா, இல்லையா?

— ஏறுறேன்க்கா. நீங்களே விட்டுக்கிறதைப் பார்த்துட்டேன்ல. துணிப்பை கீழ மோட்டர் பெட்டியில இருக்கு. எடுத்துட்டுத்தான் வந்தேன். ஏறுறதா வேணாமான்னு தெரியாம மேல கொண்டு வரல.

— அப்ப அந்த ரொட்டியைச் சாப்பிட்டுக் கிளம்பு. கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லு. உன் தேங்காய் இல்லன்னு தெரிஞ்சும், ஏழு மாடி ஏறி, யாரோ ஒருத்தி கண்ணுக்கு ஏன் தினம் மருந்து விட்ட?

— எங்கம்மாவுக்குக் கண்ணு முழுசாப் போன அன்னைக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன்க்கா, மருந்து மூணு போத்தல், சீல்கூட உடைக்காம இருந்துச்சு; தினம் ஒரு சொட்டு விட வேண்டியவன் நான்தான், "அப்புறம் விடுறேம்மா, அப்புறம் விடுறேம்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்.